அல்வால் வீட்டைப் பார்க்க வந்தவர்

இதை நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. இருபத்தேழு வருஷமாக ஒரு சர்க்கார் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவன் நான். ஒரு பொருள் அளவுக்கு வரவில்லை என்றால் மேனேஜரே வந்து நின்றாலும் சீல் போட மாட்டேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். 1982 டிசம்பர் 11, சனிக்கிழமை. மாலை 6.35லிருந்து 7.20 வரை. ஹைதராபாத் பக்கம் அல்வாலில் எங்கள் சொந்த வீட்டில் இது நடந்தது. கையில் வாட்ச் கட்டியிருந்தேன். குடிக்கிற பழக்கம் கிடையாது. அன்று காய்ச்சலும் இல்லை.

இப்போது நாங்கள் இருக்கும் குகட்பள்ளி காலனியில் யார் வீடு விற்பதாக இருந்தாலும் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். அவசரம் என்று காட்டிக்கொள்ளாதீர்கள், வெள்ளையடித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், வரி ரசீதையெல்லாம் ஒரே கவரில் போட்டு வையுங்கள் என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்வேன். எல்லாம் புரோக்கர் அப்துல் ரஹீம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் வீட்டை விற்கும்போது நான் செய்த பெரிய தப்பை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி ஹில்டாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. எட்டு வருஷமாக உள்ளேயே வைத்திருக்கிறேன். இனிமேல் முடியாது.

என் அப்பா சூசைராஜ் பொன்மலைக்காரர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1958ல் அல்வாலில் மனை வாங்கி, கடன் வாங்கி, தானே கொத்தனாரோடு நின்று அந்த வீட்டைக் கட்டினார். முன்னால் ஒரு ஹால், அப்புறம் சமையலறை, அதைத் தாண்டி ஒரு பின்னறை. அவ்வளவுதான் வீடு. அப்பா ஐந்தடிதான் இருப்பார். சமையலறை நிலையைத் தன் தலைக்குச் சரியாக வைத்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் அங்கே ஒரு தடவை தலையை இடித்துக்கொள்வார்கள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரே இடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பையன்களும் மூலையில் நின்று சிரித்தோம்.

இரண்டாவது பையன் ஸ்டான்லி. என்னைவிட ஐந்து வயது சின்னவன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. லாரி ஓட்டத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். லாரி ஆபீஸ் வாசலில் அவனைப் பார்த்ததாக அப்பாவிடம் போட்டுக் கொடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாலு பேர் பார்க்க அப்பா அவனை அறைந்தார். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. 1967. அன்று ராத்திரியே போய்விட்டான். நாக்பூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. விஜயவாடாவிலிருந்து ஒன்று. அப்புறம் எதுவும் இல்லை.

அப்பா 1974ல் காலமானார். அம்மா ஆரோக்கியமேரி அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார். அந்த ஏழு வருஷமும் ராத்திரி கேட்டை உள்ளே தாழ் போட விடவில்லை.

"அவன் வந்தா தட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்பார்.

எங்கள் கத்தோலிக்க ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்போம். பூசையில் அந்தப் பெயர்களை வாசித்து வேண்டிக்கொள்வார்கள். "இத்தனை வருஷம் ஆச்சே, ஸ்டான்லி பேரையும் எழுதிடுங்களேன்" என்று ஒரு அம்மாள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அம்மா அவரோடு சாகும்வரை பேசவில்லை. 1981 ஆகஸ்டில் அம்மா போனார். கடைசி வரை அந்தத் தாளில் அவன் பெயரை எழுதவில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு வீடு கிடைத்தது. ஜீடிமெட்லா பக்கம் இருந்த ஃபேக்டரிக்கு அங்கிருந்து பக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். ஜனவரிக்குள் அல்வால் வீட்டை விற்றால்தான் புது வீடு கைக்கு வரும். வீடு விற்பனைக்கு என்று போர்டு மாட்டினேன். வந்து பார்த்த முதல் இரண்டு பேரிடமும் அம்மா காத்திருந்த கதையைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

ரஹீம் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஜேம்ஸ் சாப், நீங்க வீடு விக்கிறீங்களா, கதை சொல்றீங்களா? அழுவுற வீட்டை யாரு வாங்குவான்? அந்தப் பேச்சே நக்கோ, வேணாம்."

"கேட்டா என்ன சொல்றது?"

"கேக்க விடாதீங்க. பார்ட்டியை முன்னாடி நடக்க விடுங்க. நீங்க பின்னாடி போங்க. மூஞ்சியைப் பாத்தா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க. சாயங்காலம் காட்டாதீங்க, கரண்ட் போவும். கிச்சன் நிலை குட்டைன்னு நீங்களே மொதல்ல சொல்லிடுங்க. சின்னக் குறையைச் சொல்லிட்டா பெரிசைக் கேக்க மாட்டான்."

அவர் சொன்னபடியே செய்தேன். மூன்றாவதாக வந்தவர் ராஜாராமன், பேங்க்கில் வேலை. வீடு பிடித்துவிட்டது. நிலையில் தலையை இடித்துக்கொண்டு அதற்கும் சிரித்தார். ஆனால் பேங்க்காரர் பேங்க்காரர்தான். பத்திரத்தை முழுசாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க அப்பாவுக்கு ரெண்டு பசங்கன்னா ரெண்டு கையெழுத்து வேணுமே சார்."

ரஹீம் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"தம்பி எங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா கோர்ட்டு. கோர்ட்டுன்னா இந்த வீட்டை உங்க பேரன் விப்பான்."

பொய் சொல்லும்படி அவர் சொல்லவில்லை. அந்த யோசனை என்னுடையதுதான். எங்கள் ஜனங்களில் ஒருவனுக்குத்தான் அப்படி ஒரு புத்தி வரும். கோயிலில் பெயரை வாசித்துவிட்டால் அவன் செத்தவன். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி காலை ஆறு மணிப் பூசையை ஸ்டான்லியின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். சாமியார் ஊருக்குப் புதியவர்.

"எப்ப இறந்தார்?"

"மூணு வருஷம் ஆச்சு சாமி. விஜயவாடா பக்கம். லாரி விபத்து."

சொல்லும்போது எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. பாவம், அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பூசை வைத்ததாக ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம், என் சத்தியப் பத்திரம், இரண்டு சாட்சிக் கையெழுத்து. மூன்றையும் காட்டி, நான் ஒருவன்தான் வாரிசு என்று காகிதம் வாங்கிவிட்டேன்.

ஹில்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, அத்தை எழுதாத பேரை நீங்க எழுதலாமா?"

"இருந்தா பதினஞ்சு வருஷத்துல வந்திருக்க மாட்டானா?" என்றேன்.

அவள் பூசைக்கு வரவில்லை. பத்திரம் பதிவு செய்ய டிசம்பர் 13, திங்கட்கிழமை என்று முடிவாயிற்று.

பதினோராம் தேதி சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நேராக அல்வால் போனேன். சாமான் எல்லாம் ஏற்கெனவே குகட்பள்ளி போய்விட்டது. ஹில்டாவும் பிள்ளைகளும் அங்கேதான். திரு இருதய ஆண்டவர் படம், அம்மாவின் மருந்துப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இவ்வளவுதான் பாக்கி. போகும்போது மணி 5.15. கேட்டை உள்ளே தாழ் போட்டேன். படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். காலி வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

6.20க்குக் கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

6.35.

"வீடு பாக்கணும்."

வாசலில் ஒருவர் நின்றார். நல்ல உயரம். தலையிலிருந்து கம்பளி போர்த்தியிருந்தார், முகம் நிழலில் இருந்தது. டிசம்பர் குளிருக்கு ஊரே அப்படித்தான் போர்த்திக்கொண்டு போகும். குரல் மட்டும் கரகரவென்று இருந்தது, ரொம்ப நாள் பேசாத தொண்டை மாதிரி.

எங்கள் கேட்டைத் திறந்தால் க்ரீ...ச்சென்று அடுத்த தெரு வரை கேட்கும். அது எனக்குக் கேட்கவில்லை. ஹாலுக்குள் இருந்தேன், கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

வீடு முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை ராஜாராமன் ஏதாவது இழுத்தடித்தால் கைவசம் இன்னொரு பார்ட்டி இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. தமிழ் ஆள் வேறு. சாயங்காலம் காட்டாதே என்று ரஹீம் சொன்னதை மறந்தேன். முன்னாடி நடக்க விடு என்று சொன்னதை மட்டும் மறக்கவில்லை.

"வாங்க. நீங்க முன்னாடி போங்க. நான் வெளிச்சம் காட்டுறேன்."

அவர் எனக்கு முன்னால் உள்ளே போனார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. டெட்டால் வாடை குப்பென்று வந்தது. யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிற மாதிரி.

ஹாலில் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றார். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. புது வெள்ளை அடித்த வெறும் சுவர். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அங்கிருந்த படத்தை நான் கழற்றியிருந்தேன்.

கம்பளிக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. அந்த வெறும் சுவரைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

புறங்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நம்ம ஆளுங்களா?" என்றேன்.

சமையலறைப் பக்கம் நடந்தார்.

6.48. வாட்சைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்...

சொட்...

சொட்...

குழாய் ஒழுகுகிறது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அன்று தண்ணீர் வராத நாள். ஹால் மூலையில் கை கழுவுகிற குழாயைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. சத்தம் என் பின்னாலிருந்து வரவில்லை. முன்னால் போகிற அவரோடு சேர்ந்து போயிற்று.

சமையலறை வந்தது. நிலை குட்டை, பார்த்து வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

வெளிச்சம் அவருக்குப் பின்னால் என் கையில் இருந்தது. முன்னால் கும்மிருட்டு. நிலை கண்ணுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. இருந்தாலும் எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு குனிந்து, இடது தோளை முன்னால் விட்டு, போய்விட்டார்.

மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் நுழைந்தேன்.

அவர் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றார். மேடையை விரலால் தடவினார்.

"இங்க சமைச்சவங்க?"

"என் அம்மா."

"எங்க அவங்க?"

"இல்லீங்க. போன வருஷம் தவறிட்டாங்க."

அந்த முதுகு அப்படியே சுவரில் சாய்ந்தது. கம்பளி குலுங்கியது. சத்தமே இல்லை. ரொம்ப நேரம் குலுங்கியது. ஒரு வீட்டை வாங்க வந்தவர், முன்பின் தெரியாத பொம்பிளைக்காக எதற்கு அழ வேண்டும்? பக்கத்தில் போய்த் தோளைத் தொடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

7.04.

"பின்னறை பாக்கலாமா?"

பின்னறை இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை.

அவர் போனார். நானும் போனேன். சொட்... சொட்... இப்போது வேகமாகக் கேட்டது.

ஜன்னலோரம் நின்றார். எனக்கு முதுகைக் காட்டியபடி.

"கட்டில் இங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

"ரெண்டு?"

"...ரெண்டு."

"இன்னொண்ணு யாருது?"

அந்தப் பேச்சே நக்கோ என்று ரஹீம் சொன்னது காதில் கேட்டது.

"தம்பியோடது."

"தம்பி கையெழுத்து வேணாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் மனப்பாடமாக இருந்தது. சாமியாரிடம் சொன்னது. ஆபீசில் சொன்னது. ராஜாராமனிடம் சொன்னது.

"தம்பி இல்லீங்க. இறந்துட்டான்."

அவர் அசையவில்லை.

பிறகு இடது காலைத் தூக்கி, வலது கெண்டைக்காலில் தேய்த்தார். ஒற்றைக் காலில் நின்றபடி.

உலகத்தில் ஒரே ஒருவன்தான் அப்படி நிற்பான். வரிசையில் நின்றாலும், பூசையில் நின்றாலும், அப்பாவிடம் திட்டு வாங்கும்போதும் அப்படித்தான் நிற்பான். அம்மா அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைத்தான் எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது...

"நிச்சயமாவா?" என்று கேட்டான்.

அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு வார்த்தை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான்.

திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. நான் கையெழுத்துப் போட்ட பொய்ப் பத்திரம் ஞாபகம் வந்தது. புது வீடு, பிள்ளைகள், வேலை, போலீஸ் எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன.

"நிச்சயமாத்தான்" என்றேன்.

சொட்டுச் சத்தம் நின்றது.

"சரிண்ணே."

மெழுகுவர்த்தி அணைந்தது.

இருட்டு.

மூச்சுச் சத்தம் ஒன்றே ஒன்று.

என்னுடையது.

கரண்ட் வந்தது. 7.20.

அறையில் யாரும் இல்லை.

ஜன்னலில் கம்பி. பின்கதவில் நான் போட்ட பூட்டு. அறைக்கு ஒரே வாசல், அதில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே ஓடினேன். கேட் தாழ் போட்டபடி இருந்தது. உள்பக்கம். சாயங்காலம் நான் போட்ட மாதிரியே.

எதிர்வீட்டு நாராயணசாமி, கரண்ட் போனால் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காருகிறவர், அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இப்ப யாராவது வெளிய போனாங்களா?"

"யாரும் வரவும் இல்ல, போகவும் இல்ல. நீங்கதான் மெழுகுவர்த்தியோட ரூம் ரூமா பேசிக்கிட்டே நடந்தீங்க. கடைசியா வீட்டுக்குச் செபம் பண்றீங்கன்னு நினைச்சேன்."

அன்று ராத்திரி குகட்பள்ளிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஹில்டாவிடம் தலைவலி என்றேன். படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு எது பயம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேயைப் பற்றிய பயம் இல்லை. அவன் உயிரோடு வந்திருந்தால், சுவர் ஏறிக் குதித்துப் போயிருந்தால், திங்கட்கிழமை ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு வந்து நிற்பானே என்றுதான் பயந்தேன். இப்படி ஒரு மனுஷன் நான்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. யாரும் வரவில்லை. காலை 11.40க்குக் கையெழுத்துப் போட்டேன். கட்டைவிரல் மசியைத் துடைக்க ராஜாராமன் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். ரஹீம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

1983 ஜனவரி 16. ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. நல்ல வெயில். ராஜாராமன் எங்கள் குகட்பள்ளி வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு பெண்ணும், எட்டு வயதுக் குழந்தை ஒன்றும்.

"இவங்க உங்களைத் தேடி அல்வால் வீட்டுக்கு வந்தாங்க சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்தப் பெண் பெயர் யாதம்மா. நிஜாமாபாத் பக்கம். தெலுங்குதான் பேசினாள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்டான்லியின் மனைவி. பத்து வருஷமாக அவன் அங்கே லாரி ஓட்டியிருக்கிறான். சொந்த லாரியில்தான் அப்பா வீட்டு வாசலில் போய் இறங்குவேன் என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களை ஓட்டிவிட்டானாம். அப்பா போனதும் அவனுக்குத் தெரியாது. அம்மா போனதும் தெரியாது. குழந்தை பெயர் என்ன என்று ஹில்டா கேட்டாள். "ஆரோக்கியமேரி" என்றது அது. ஹில்டா அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்து விழுந்திருக்கிறான். டிசம்பர் ஒன்றாம் தேதி ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பத்து நாளில் நன்றாகத் தேறிவிட்டான். இட்லி கேட்டுச் சாப்பிட்டான். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அண்ணனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று யாதம்மா கேட்டதற்கு, "வேண்டாம், படுத்துக் கிடக்கும்போது அவன் பார்க்க வேண்டாம், நானே நடந்து போகிறேன்" என்றானாம்.

அதற்குள் சனிக்கிழமை போய்விட்டான். அவளுக்கு ஊரில் யாரையும் தெரியாது. வார்டு ஆட்களே உதவி செய்து அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். சாமியார் இல்லை, பூசை இல்லை. அவனுக்கான பூசையை முப்பத்தொன்பது நாளைக்கு முன்னாலேயே நான் வைத்துவிட்டேன்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். முந்தானையில் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

11.12.82. மாலை 7.20.

யாதம்மாவும் குழந்தையும் அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்கள். அதனால் என் பாவம் கழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேலும் சொன்னதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று ஆறரை மணிக்கு மேல் அவன் கண்ணை மூடிக்கொண்டானாம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியபடியே தமிழில் பேச ஆரம்பித்தான். நடந்துபோகிற மாதிரி காலை லேசாக அசைத்தான். முதலில் சிரித்த முகமாக இருந்தது. கனவு காண்கிறான் என்று அவளும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டாள். கடைசியில் எதையோ கேட்டுவிட்டு, யாரோ பதில் சொல்லக் காத்திருக்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டானாம். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னான். அதோடு முடிந்தது. டாக்டருக்கே ஏன் என்று புரியவில்லையாம்.

"சரிண்ணே" என்று அந்த வார்த்தையை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "அப்படின்னா என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

ஹில்டா மடியிலிருந்த குழந்தை, அப்பாவிடம் தமிழ் கற்றிருந்த குழந்தை, தெலுங்கில் சொல்லிற்று. "அண்ணன் சொன்னதுக்குச் சரின்னு அர்த்தம்மா."

யாதம்மா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. சந்தேகமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"அப்படின்னா நீங்க ஏதோ சொல்லியிருக்கீங்க. என்ன சொன்னீங்க?"

இன்று வரை நான் அவளுக்குச் சொல்லவில்லை.